குன்று போனது, போராட்டம் போகவில்லை



வேலைநிறுத்தம் ஒன்றில் கேட்டது முழுவதும் கிடைக்காவிட்டால், "தோற்றுப் போனோம்" என்று சொல்லிக்கொண்டு நாம் லயத்துக்குத் திரும்புகிறோம். அப்படிச் சொல்லுமுன், 1775இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சண்டையின் கணக்கைப் பார்ப்போம்.

அன்று அந்த நாட்டை ஆண்டது பிரித்தானியா. தேயிலை வரியை எதிர்த்து 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையை மக்கள் கடலில் கொட்டினார்கள். அது சீனத் தேயிலை. நம் மலைகளில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. தண்டனையாகத் துறைமுகம் மூடப்பட்டது. 1775 ஏப்ரலில் சண்டை மூண்டது. விவசாயிகளும் கைத்தொழிலாளரும் திரண்டு வந்து, பொஸ்டனில் இருந்த பிரித்தானியப் படையைச் சுற்றி வளைத்தார்கள்.

ஜூன் 16 இரவு, நகருக்கு எதிரே உள்ள குன்றில் அவர்கள் மண்வெட்டியோடு ஏறினார்கள். விடிவதற்குள் மண் அரண் எழுந்துவிட்டது. இதைத்தான் பங்கர் குன்றுச் சண்டை என்கிறோம். மறுநாள் பட்டாளம் இரண்டு முறை ஏறி வந்தது. இரண்டு முறையும் விரட்டப்பட்டது. மூன்றாவது முறை வந்தபோது குன்றில் இருந்தவர்களிடம் வெடிமருந்து தீர்ந்திருந்தது. துவக்கின் அடிக்கட்டையாலும் கல்லாலும் அடித்தபடி பின்வாங்கினார்கள்.

குன்று பிரித்தானியருக்குப் போனது. ஆனால் அவர்கள் பக்கத்தில் 226 பேர் இறந்தார்கள். 800க்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். மறுபக்கத்தில் இறந்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 450 பேர்தான். அதன்பின் முற்றுகையை உடைக்கப் பட்டாளம் வெளியே வரவில்லை. 1776 மார்ச் 17ஆம் திகதி பொஸ்டனை விட்டே கப்பலேறியது. சாதாரண மக்கள் அரசனின் படைக்கு முன்னால் நிற்க முடியும் என்று நாடு முழுவதும் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. அங்கே நின்றவர்களில் ஒருவர் சேலம் பூர். அடிமையாகப் பிறந்து, விலை கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட கறுப்பின மனிதர். அவருடைய வீரத்தை 14 அதிகாரிகள் எழுத்தில் பாராட்டினார்கள். நாடு விடுதலை அடைந்தது. ஆனால் அடிமைமுறை அந்த நாடு முழுவதிலும் ஒழிய 1865 வரை ஆனது.

ஆகவே, ஒரு போராட்டம் முடிந்ததும் மூன்று கேள்வி கேட்போம். எதிரே நின்றவர் என்ன இழந்தார்? நம்மிடம் எது முதலில் தீர்ந்தது, சந்தாப் பணமா, வீட்டு அரிசியா, ஒற்றுமையா? நம்மோடு நின்றவர்களில் யாரைக் கணக்கில் விட்டோம்? இவற்றுக்குப் பதில் தேடிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருவோம்.