பனி போய் வெயில் வரும் காலம்



தை மாதம். வெள்ளறடையில் இன்னும் விடியவில்லை. ரப்பர் மரங்களுக்கு இடையே பனி மூடியிருக்கிறது. பால் வெட்டப் போகும் அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி அல்லவா?

இந்தக் குளிர் எப்படி வருகிறது? மேகம் ஒரு போர்வை போன்றது. மழைக்காலம் முடிந்ததும் அந்தப் போர்வை விலகிவிடுகிறது. பகலில் சூடான மண், இரவில் தன் சூட்டை வானத்தில் விட்டுவிடுகிறது. மண் குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் பனியாகிறது.

மேகமில்லாத அதே வானம் பகலில் வெயிலைத் தடுப்பதில்லை. ஆகவே விடியலில் குளிர், நண்பகலில் சூடு. மாசி, பங்குனியில் இந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் நிற்கும்.

"காலையில் இவ்வளவு குளிர். மத்தியான வெயில் என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. புதிய வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் வேண்டும். அதற்கு முன் வரும் சூடு அதிகமாகத் தாக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.

இதை முன்னறிந்து சொல்வதே வானிலை அறிக்கை. இந்த வேலை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1850களில் ஜான் ஆலன் பிரவுன் என்ற அறிஞர் அருகிலுள்ள அகத்தியர் மலை உச்சியிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்று திருவனந்தபுரம் வானிலை மையம் நாள்தோறும் அறிக்கை தருகிறது.

அறிக்கையில் நிறங்கள் உண்டு. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும்.

கேரளத் தொழிலாளர் துறை 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே, வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர உத்தரவிட்டது. குளிர் முழுவதும் போகும் முன்பே வந்த உத்தரவு அது! ஓய்வு கேட்பது சோம்பல் அல்ல, உயிரைக் காப்பது.

பங்குனியில் குரிசுமலை ஏறுவோரும் அதிகாலையில் ஏறுவது நல்லது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் மோரும் நல்லவை. ஆடு மாடுகளை நிழலில் கட்ட வேண்டும்.

வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றுகிறதா? பேச்சுக் குழறுகிறதா? அவரை நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஆடையைத் தளர்த்துங்கள். உடம்பை ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வானொலியில் அறிக்கையைக் கேளுங்கள். நாளிதழில் படியுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். கற்ற எழுத்து ஓர் உயிரைக் காக்கட்டும்!