தீவில்லாத தீவு வண்டி



பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வண்டியை ‘ஐலண்டு எக்ஸ்பிரஸ்’ என்கிறோம். அது எந்தத் தீவுக்கும் போவதில்லை. பின் ஏன் இந்தப் பெயர்?

விடை கொச்சியில் இருக்கிறது. 1920இல் அங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்திற்காகக் காயலை ஆழப்படுத்தினார். தோண்டிய மண்ணையும் சேற்றையும் கொட்டி உருவாக்கிய நிலமே வெலிங்டன் தீவு. சென்னை மாகாணக் கவர்னராகவும் பின்னர் வைசிராயாகவும் இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு வாய்த்தது. பாலத்தின் வழியே இருப்புப்பாதை வந்தது. 1940களில் கொச்சித் துறைமுக நிலையம் எழுந்தது. மலைத்தோட்டத் தேயிலை இத்தீவிலிருந்து கப்பலேறிற்று. பெங்களூர் வண்டியும் இங்கேதான் முடிந்தது; அதனால் தீவின் பெயரைப் பெற்றது.

எர்ணாகுளத்திற்குத் தெற்கே 1976இல் அகலப்பாதை திறக்கப்பட்டபின், அவ்வண்டி தீவுக்குத் திரும்பாமல் நேரே தெற்கு நோக்கிச் செல்லலாயிற்று. 2011இல் பெட்டகச் சரக்கும் வல்லார்பாடத்திற்கு மாறியது. 2018 செப்டம்பரில் ஒரு சிறு ரயில் எர்ணாகுளத்திலிருந்து தீவுக்கு மீண்டும் விடப்பட்டது. ஏறுவார் இல்லாமையால் விரைவிலேயே நின்றது.

நிலையம் வெறிச்சோடிற்று, வண்டியோ பெயரை விடவில்லை. அயல் மாநிலத்தில் வாழ்ந்தும் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைச் சுமப்பவர் நம்மில் பலர். அந்த எழுத்துக்குப் பொருள் என்னவென்று குழந்தைகள் கேட்கும்போது, ஊரின் கதையைச் சொல்லுங்கள். சொல்வார் இல்லையேல், பெயர் வெறும் ஒலியாகிவிடும்.