மதுவை விட நினைப்பவனைத் தனியே விடலாமா?



அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாவதாக. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த இளைஞர்களே! மதிப்பிற்குரிய பெற்றோர்களே!

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் வீடு நமது நாட்டில் இல்லை. ஸூரா அல்மாஇதாவின் 90, 91ஆம் வசனங்கள் அதற்கு இறுதி முத்திரை இட்டுவிட்டன. ஆகவே, இவ்வுரை அத்தீர்ப்பைப் பற்றியதன்று. தீர்ப்பை அறிந்திருந்தும் வழுக்கி விழுந்து, எழ விரும்பியும் எழ முடியாமல் தவிக்கும் ஒரு சகோதரனைப் பற்றியது. அவன் நமது மஹல்லாவிலும் இருக்கிறான். அவனைக் கண்டும் காணாதவர்களாக நாம் கடந்து செல்கிறோம்.

அவனுடைய வீட்டார் என்ன செய்கிறார்கள்? முதலில் மறைக்கிறார்கள். பின்னர், "கலியாணம் முடித்து வைத்தால் திருந்திவிடுவான்" என்று ஒரு பெண்பிள்ளையின் வாழ்வைப் பணயம் வைக்கிறார்கள். அதுவும் பலிக்காதபோது, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் சரியாகும் என்று விமானம் ஏற்றுகிறார்கள். இம்மூன்றிலும் நோய்க்கு மருந்தில்லை. மருமகளாக வந்தவள் தாதியுமல்லள், வைத்தியருமல்லள்.

மதீனாவின் வரலாற்றைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மதுவைப் பற்றிய சட்டம் ஒரே நாளில் இறங்கவில்லை. அதன் தீமை நன்மையைவிடப் பெரிது என்று அல்பகராவின் 219ஆம் வசனம் உணர்த்தியது. போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று அந்நிஸாவின் 43ஆம் வசனம் தடுத்தது. அதன் பின்னரே முழுத் தடை வந்தது. அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் அபூதல்ஹா (ரழி) அவர்களின் வீட்டிலிருந்த மது வெளியே கொட்டப்பட்டதையும், மதீனாவின் தெருக்களில் அது ஓடியதையும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்று அவர்கள் மதுவை விட்டது கூட்டாக. அயலவனும் கொட்டினான், நண்பனும் கொட்டினான். எவரும் தம் பாத்திரத்தோடு தனித்து விடப்படவில்லை. ஈமானின் வலிமையோடு சமூகத்தின் துணையும் அங்கிருந்தது. இன்று நாம் ஓர் இளைஞனிடம் ஈமானை மட்டும் கேட்கிறோம், துணையை மறுத்துவிடுகிறோம்.

தடை வந்த பின்னரும் சறுக்கியவர்கள் இருந்தார்கள். மது அருந்தியதற்காக ஒருவர் பலமுறை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டுத் தண்டனை பெற்றார். அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாம் என்று தடுத்த நபியவர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. குடித்தவனின் உள்ளத்திலும் அல்லாஹ்வின் நேசம் இருக்கக்கூடும் என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது.

உமர் (ரழி) அவர்களும் அவ்வாறே நடந்தார்கள். ஷாம் தேசத்திலிருந்து தம்மிடம் வந்துபோன ஒருவர் மதுவில் மூழ்கிவிட்டதாக அறிந்ததும், பாவங்களை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனுமான அல்லாஹ்வை நினைவூட்டும் ஸூரா காஃபிரின் தொடக்க வசனங்களை எழுதி அனுப்பினார்கள். அவருக்காகத் துஆச் செய்யுமாறு தோழர்களையும் வேண்டினார்கள். அம்மனிதர் அக்கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்து அழுது, மதுவைக் கைவிட்டார். சறுக்கிய சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாளராகிவிடாதீர்கள் என்பதே உமர் (ரழி) அவர்கள் அன்று புகட்டிய பாடம். இமாம் இப்னு கஸீர் தம் தப்ஸீரில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

நேயர்களே! இனி இன்றைய உலகிற்கு வருவோம். மதுவை விட விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. அவற்றுள் பெரியது 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்'. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்ததிலிருந்து அது பிறந்தது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேர்வதற்கான தகுதி. கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை.

இதனால் பயன் உண்டா? 2006இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உறுதியாகக் கூறப் போதிய சான்றில்லை என்றது. 2020இல் அதே நிறுவனம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து மீண்டும் ஆராய்ந்தது. இக்குழுக்களோடு முறையாக இணைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டின் பின்னரும் மதுவை அறவே தொடாதிருந்தனர். ஏனைய சிகிச்சை பெற்றவர்களில் 35 பேர். ஆகவே, குழு உதவுகிறது. அதே வேளை, நூற்றில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் மீண்டும் ஒருமுறையேனும் சறுக்கியுள்ளனர் என்பதையும் இவ்வெண்ணிக்கை சொல்கிறது. உங்கள் மகன் மீண்டும் சறுக்கினால், "இவன் திருந்தமாட்டான்" என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.

இங்கே சில ஐயங்கள் எழலாம்.

முதலாவது: அல்லாஹ் மறைத்த பாவத்தைப் பிறரிடம் சொல்வது கூடுமா? பாவத்தைப் பெருமையாகப் பகிரங்கப்படுத்துவதை நபியவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள் என்பது உண்மை. ஆனால், மீள்வதற்கு வழி தேடி, உதவக்கூடிய ஒருவரிடம் கூறுவது அதில் அடங்காது என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல்அத்கார் நூலில் விளக்கியுள்ளார்கள். வைத்தியரிடம் புண்ணைக் காட்டுபவன் அதனைக் கடைத்தெருவில் காட்டுபவனைப் போன்றவனல்லன்.

இரண்டாவது: பிற மதத்தவரின் குழுவில் அமரலாமா? பயனுள்ளதை ஏற்று, நமது அகீதாவுக்கு முரணான பிரார்த்தனைகளில் பங்குகொள்ளாது தவிர்த்துக்கொள்ளலாம் என்பதே எளியேனின் கருத்து. நமக்கென ஒரு குழு இருப்பது அதனினும் சிறந்தது. 1989இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர முஸ்லிம்கள் 'மில்லத்தி இஸ்லாமி' என்ற பெயரில் அதனைச் செய்து காட்டினார்கள்.

மூன்றாவது: தவ்பா மட்டும் போதாதா? தவ்பா இன்றியமையாதது. ஆனால், அதைக் காத்துக்கொள்ளச் சூழல் வேண்டும். தொண்ணூற்றொன்பது கொலை செய்து, பின்னர் நூறையும் நிறைவாக்கியவனுக்குத் தவ்பாவின் வாசல் திறந்தே இருப்பதாகக் கூறிய அறிஞர், அத்துடன் நிறுத்தவில்லை. தீய ஊரை விட்டு, அல்லாஹ்வை வணங்கும் மக்கள் வாழும் ஊருக்குச் செல்லுமாறும் பணித்தார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் செய்தி இது. சகவாசத்தை மாற்றுவது சிகிச்சையின் பாதி.

மற்றொரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும். குடித்தவனின் தொழுகை நாற்பது நாட்கள் ஏற்கப்படாது என்ற ஹதீஸைக் கேட்ட இளைஞர் சிலர், அப்படியானால் தொழுது என்ன பயன் என்று பள்ளிவாசலையே விட்டுவிடுகின்றனர். ஏற்கப்படாது என்பதன் பொருள் நன்மை கிடைக்காது என்பதே. கடமை நீங்கிவிட்டது என்பதன்று. இவ்வாறே அறிஞர்கள் விளக்குகின்றனர். அந்த ஹதீஸே, தவ்பா செய்தால் அல்லாஹ் மன்னிக்கிறான் என்றும் கூறுகிறது. தெளிந்த நிலையில், பாங்கு சொன்னதும் வாருங்கள்!

பெற்றோர்களே! ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம், உயிராபத்தும் நேரலாம். அறையில் பூட்டி வைத்துத் திருத்த முற்படாதீர்கள். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆலோசனையும் சிகிச்சையும் வழங்குகிறது. கொழும்பில் சுமித்ரயோவின் மெல் மெதுர நிலையமும் உள்ளது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம். மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று.

பள்ளிவாசல் நிருவாகிகளே! உங்களிடம் வேண்டுவது பெரிய செலவன்று. வாரம் ஒருநாள் இஷாவின் பின் ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். ஆறேழு பேர் அமரட்டும். மதுவை விட்டு ஓராண்டேனும் கடந்த ஒருவர் தலைமை தாங்கட்டும். பெயர்ப் பதிவு வேண்டாம். ஜும்ஆ மேடையில் ஜாடையாகச் சாடுதலும் வேண்டாம். அங்கே பேசப்படுவது அமானிதம். அது வாசலைத் தாண்டக்கூடாது. நள்ளிரவில் ஆசை எழும்போது அழைக்க ஒரு சகோதரனின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். தாய்மாருக்கும் மனைவியருக்கும் பெண்கள் நடத்தும் தனியான அமர்வு அமையட்டும். அவர்களின் கண்ணீருக்கும் ஓரிடம் வேண்டும்.

இளைஞனே! நீ இதனைத் தனியறையில் வாசித்துக்கொண்டிருக்கலாம். இன்றிரவே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், "எனக்கு உதவி வேண்டும்" என்ற மூன்று சொற்களைச் சொல்லிவிடு. நீ ஒரு சாண் நெருங்கினால், உன் ரப்பு ஒரு முழம் நெருங்குகிறான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் போதையின் பிடியிலிருந்து பாதுகாப்பானாக! விழுந்தவர்களை எழச் செய்வானாக! அவர்களைத் தூக்கிவிடும் கரங்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.