தோல் இல்லை, சரி, வேறென்ன இருக்கிறது?

(நமது சங்கத்தின் புணே கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரப்பர், பிளாஸ்டிக் ஆலைகளில் முப்பத்தைந்து வருஷம் கெமிஸ்டாகக் குப்பை கொட்டியவன் என்பதால் செயலர் இந்தத் தலைப்பை என் தலையில் கட்டிவிட்டார். மூல காரணம், போன கூட்டத்தில் ஒரு மாமி கேட்ட கேள்வி. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் பேத்தி வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர்கூடக் கிடையாது. பாட்டிக்கும் ஒரு ஜோடி வீகன் ஷூ அனுப்பியிருக்கிறாள், விலை ஏழாயிரத்துச் சொச்சம். "கடைத்தெருவில் இருநூறு ரூபாய்க்கு ஹவாய் செருப்பு விற்கிறான். அதிலும்தான் தோல் இல்லை. இதில் அப்படி என்ன விசேஷம்?" என்று மாமி கேட்டார்.

மாமி கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். வீகன் என்ற சொல் ஒரு பொருளில் என்ன இல்லை என்பதைத்தான் சொல்கிறது. தோல் இல்லை, கம்பளி இல்லை, மிருகக் கொழுப்பிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுத்த பசை இல்லை. அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ஹவாய் செருப்பும் பெரும்பாலும் வீகன்தான். 'பீட்டா அங்கீகரித்த வீகன்' என்ற முத்திரையும் நிறுவனம் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியின் பேரில் கிடைப்பது. அந்த ஷூவை யார் தைத்தார்கள், அவர்களுக்கு என்ன கூலி, ஆலைக் கழிவு எந்த ஆற்றில் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அந்த முத்திரையின் எல்லைக்குள் வராது.

இதைச் சொன்னதும், "அப்படியானால் தோலே தேவலையா?" என்று கேட்பீர்கள். அதையும் பார்த்துவிடுவோம். நம்மில் பலருக்குப் பூர்வீகம் பழைய வட ஆற்காடு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றங்கரைக் கிணறுகள் என்ன ஆயின என்று சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. தீர்ப்போடு கஷ்டம் ஒழிந்துவிடவில்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் இயற்கையானது, மக்கிவிடும் என்பார்கள். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் அவ்வளவு சுலபமாக மக்காது. மக்காமல் இருக்கத்தானே பதனிடுகிறோம்!

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நம் வீடுகளில் தோல் செருப்பு வாசலைத் தாண்டாது. இதை அஹிம்சை என்று இன்று பேரன், பேத்திகளிடம் பெருமையாகச் சொல்கிறோம். அதில் தீட்டும் இருந்தது. தோலை ஒதுக்கியபோது அதில் வேலை செய்த மனிதனையும் சேர்த்து ஒதுக்கினோம். அவன் வார் பிடித்த மிருதங்கத்தை மட்டும் மேடைக்கு அழைத்துக்கொண்டோம். மூன்று வேளை டிகிரி காபிக்கும் தோலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. பால் வற்றிய எருமையும், பிறந்த கடாக்கன்றும் கடைசியில் எங்கே போகின்றன என்று நாம் விசாரிப்பதில்லை. அந்தப் பேத்தி விசாரித்திருக்கிறாள். அந்த வகையில் அவள் நம்மைவிட ஒரு படி மேல்.

காந்திஜி இதற்கு வேறு வழி தேடினார். தானாக இறந்த மாட்டின் தோலில்தான் செருப்பு வேண்டும் என்றார். தென்னாப்பிரிக்காவில் தம் கையால் செருப்புத் தைத்தார், ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி கொடுத்தார். தைக்கிற வேலையை மட்டமாக நினைக்காதவர் என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு எடை இருந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். தோலுக்குப் பதிலாக என்ன போடுகிறார்கள்? மலிவு என்றால் பி.வி.சி., சற்று உசத்தி என்றால் பாலியூரித்தேன். இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசும்போது பல ஆலைகளில் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே நிற்பவனின் கல்லீரலுக்கு அது ஆகாது. தண்ணீரில் கரைத்துப் பூசும் முறையும் இருக்கிறது, செலவு கொஞ்சம் ஜாஸ்தி. நல்ல பிராண்ட் எந்த முறை என்று சொல்லும். 'அன்னாசித் தோல்', 'கள்ளித் தோல்' என்று வருகின்றனவே, அவற்றிலும் ஜாக்கிரதை வேண்டும். 2021-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் ஆய்வகத்தார் இந்த வகைகளைச் சோதித்து வெளியிட்டார்கள். கள்ளித் தோலில் பாலியூரித்தேன் இருந்தது. கத்தரிக்காய் சாம்பார் என்று பெயர் வைத்துவிட்டு இரண்டே இரண்டு துண்டம் போடுவது மாதிரி.

இப்போது ஓர் உதாரணம். ஆஷய் பாவே என்ற இந்திய இளைஞர் 2021-ல் தைலி என்ற பெயரில் ஷூ கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பைகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கித் தோல் போன்ற ஒரு பொருள், தூக்கி எறிந்த பாட்டில்களிலிருந்து துணி, பழைய ரப்பரிலிருந்து அடிப்பாகம். ஒரு ஜோடிக்குப் பத்துப் பை, பன்னிரண்டு பாட்டில் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனந்த் மஹிந்திரா பாராட்டி எழுதியதும் இந்தியா முழுவதும் பேர் தெரிந்துவிட்டது. அட்டைப் பெட்டியில் விதை வைத்திருப்பார்கள், மண்ணில் போட்டால் செடி முளைக்கும்.

விதை அழகான யோசனை, ஆனால் நான் அதற்கு மார்க் போடமாட்டேன். மார்க் போடுவது பைகளுக்கு. பழைய பாட்டிலைக் கபாடிக்காரன் வீடு தேடி வந்து காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவான். மெல்லிய பையைத் தொடமாட்டான், அதற்கு விலை கிடையாது. அதனால்தான் அது சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேர்கிறது. யாரும் சீந்தாத அந்தப் பையை எடுத்து உபயோகமாக்கியதுதான் இந்த ஷூவின் உண்மையான புண்ணியம். பாட்டில் விஷயம் எதிர்மாறு. அதை உருக்கித் திரும்பவும் பாட்டிலாக்க முடியும். ஷூவில் துணியாக்கி, ரப்பரோடு பசை போட்டு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது, அதோடு அதன் கதை முடிந்தது. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். பிரான்சில் 2004-ல் தொடங்கிய வேஜா. பிரேசிலில் தைக்கிறார்கள். அமேசான் காட்டில் ரப்பர் பால் எடுப்பவர்களிடம் நேரடியாகச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். பழைய ஷூவைச் செப்பனிடக் கடையே வைத்திருக்கிறார்கள். யார் தைத்தது, என்ன கொடுத்தாய், கிழிந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தோலிலும் ஷூ செய்கிறார்கள்! எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதற்காகச் சொன்னேன்.

நம் நாட்டில் தோல் அல்லாத காலணிகளுக்குப் பேர்போன இடம் ஹரியாணாவின் பஹதூர்கட். வாங்கும்போது எந்த ஊரில், எந்த ஆலையில் தைத்தது என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பெயர் சொன்னால் ஒரு மதிப்பு, மழுப்பினால் ஒரு மதிப்பு. ஷூ ஒட்டும் பசையில் டொலுவீன், ஹெக்ஸேன் உண்டு. காற்றோட்டமில்லாத பட்டறையில் வருஷக்கணக்கில் ஹெக்ஸேனைச் சுவாசித்தவனுக்குக் கை, கால் நரம்பு செத்துவிடும். மாட்டுக்கு இரங்கும் மனசு இவனுக்கும் இரங்க வேண்டாமா?

அடுத்தது ஆயுள். 2013-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூவை ஆராய்ந்தார்கள். 65 பாகங்கள், 360-க்கும் மேற்பட்ட வேலைகள், ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கரியமில வாயு. அதில் பெரும்பகுதி ஆலையிலேயே உண்டாகிறது. ஆகவே ஒரு வருஷத்தில் பிய்ந்து போகிற ஷூவைவிட நான்கு வருஷம் உழைக்கிற ஷூ மேல், பெயர் எதுவானாலும். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் பரணில் வைத்து இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் மாவாக உதிருமே, பார்த்திருப்பீர்கள். அது பாலியூரித்தேன். காற்றின் ஈரத்திலேயே சிதைந்துவிடும். மும்பை, சென்னை, கொச்சி அன்பர்கள் ரப்பர் அடிப்பாகம் கேட்டு வாங்குவது நல்லது. சுற்றிலும் தையல் போட்டிருந்தால் இன்னும் விசேஷம், தெருமுனையில் உட்கார்ந்திருப்பவர் நாற்பது ரூபாயில் சரி செய்துவிடுவார்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்தார். "வீட்டில் நாலு ஜோடி தோல் ஷூ கிடக்கிறது, எறிந்துவிடலாமா?" என்று கேட்டார். எறிந்தால் அந்த மாடு திரும்பி வரப் போவதில்லை, தேயும் வரை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மாமியின் ஏழாயிரம் ரூபாய் ஷூவையும் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் அடிப்பாகம், சுற்றிலும் தையல். தைத்த ஆலையின் பெயர் மட்டும் எங்கேயும் காணோம். பேத்தியையே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.