முயலுக்கு ஏன் தேநீர் மணம்?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



ஒரு கதாபாத்திரத்தை நாம் எவ்வாறு அறிந்துகொள்கிறோம்? அது பேசும் பேச்சினால், செய்யும் செயலினால், ஆசிரியர் தரும் வருணனையினால் என்று வகுப்பறையிலே சொல்லித் தருவார்கள். ஓவியர் படம் வரைந்தால் கண்ணாலும் அறிகிறோம். நாடகமாகவோ திரைப்படமாகவோ வந்தால் காதாலும் அறிகிறோம். மூக்கினால் அறிய முடியுமா என்று நாம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய முயற்சி ஒன்றை இலக்கிய வாசகன் என்ற முறையில் நோக்குவதே இன்றைய உரையின் நோக்கம்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'பிளாக் பீனிக்ஸ் அல்கெமி லேப்' என்னும் நிறுவனம், மாயக் கதைகளிலும் புராணங்களிலும் வரும் பாத்திரங்களின் பெயர்களில் வாசனை எண்ணெய்களை வெளியிட்டு வந்திருக்கிறது. 5 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னஞ்சிறு போத்தல்கள். கடைகளில் நாம் வாங்கும் சென்ற் பெரும்பாலும் மதுசாரத்தில் கரைக்கப்பட்டது. இது அத்தரைப் போல எண்ணெயில் அமைந்தது. விசிறுவதற்கன்றி, தொட்டுத் தடவுவதற்கு உரியது. மதுசாரம் சட்டென்று ஆவியாகி மணத்தையும் அறை முழுவதும் தூக்கிச் செல்லும். எண்ணெயோ தோலோடு ஒட்டிக்கிடந்து மெல்ல மெல்ல மணக்கும். அருகில் வருபவருக்கு மட்டுமே அது தெரியும்.

இந்த நிறுவனத்தின் தயாரிப்புகளுள் ஒரு வரிசை, லூயிஸ் கரோல் எழுதி 1865ஆம் ஆண்டு வெளிவந்த 'அற்புத உலகில் அலிஸ்' கதையை ஒட்டியது. அவ்வரிசையில் 'வெள்ளை முயல்' என்று ஓர் எண்ணெய் உண்டு. பாலூற்றிய கடுந்தேநீர், வெள்ளை மிளகு, இஞ்சி, தேன், வனிலா ஆகியவை சலவை செய்த துணியின்மேல் சிந்தியது போன்ற மணம் என்பது தயாரித்தவர்கள் தரும் விளக்கம்.

அந்தப் போத்தல் எனக்குக் கிடைத்த அன்று, காலையிலே குளித்துவிட்டு மணிக்கட்டிலே ஒரு துளி தடவிக்கொண்டேன். முதல் பத்து நிமிடங்கள் இஞ்சியும் மிளகுமே முன்னே நின்றன. அரைமணி நேரத்தில் அவை பின்வாங்க, பாலும் தேயிலையும் எழுந்தன. இரண்டு மணி நேரம் சென்றபின், வெயிலில் உலர்த்தி மடித்த வேட்டியின் மணம் போன்ற ஒன்று. மாலையில், கையை மூக்கோடு சேர்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி வனிலாவும் கொஞ்சம் தேனும் மிஞ்சின. எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் பறந்துபோகும். வனிலாவின் மணப்பொருளைப் போன்றவை கடைசிவரை தங்கும். தோலின் சூடும், அதில் ஊறும் எண்ணெயும் ஈரமும் இந்த ஓட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆகவே இந்த மணத்துக்குத் தொடக்கம், நடு, முடிவு என ஒரு கதையோட்டமே இருக்கிறது எனலாம்.

அன்று முற்பகலிலே என் மனைவி அருகில் வந்து, "இஞ்சாருங்கோ, இதென்ன, இஞ்சித் தேத்தண்ணியைக் கையிலை ஊத்திப்போட்டியளோ?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அலிஸின் கதையை அவரும் படித்தவர். சற்று யோசித்துவிட்டு, "முயல் எங்கை தேத்தண்ணி குடிச்சது? தொப்பிக்காரனெல்லோ குடிச்சவன்!" என்றார்.

நேயர்களே, இது சாதாரணக் கேள்வியல்ல. நூலின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் புகழ்பெற்ற தேநீர் விருந்தில் இருப்பவர்கள் தொப்பிக்காரன், மார்ச் முயல், உறங்கி வழியும் எலி, பின்னர் வந்து சேரும் அலிஸ் ஆகிய நால்வர் மட்டுமே. மார்ச் முயல் வேறு, வெள்ளை முயல் வேறு. வெள்ளை முயல் அந்த மேசைப் பக்கமே வருவதில்லை. 1951ஆம் ஆண்டின் வொல்ட் டிஸ்னி திரைப்படத்தில்தான் அது விருந்துக்கு நடுவே ஓடிவந்து தன் கடிகாரத்தைப் பறிகொடுக்கிறது. அப்படியானால் இந்த எண்ணெய் திரைப்படத்தின் மணமா, நூலின் மணமா?

இந்த ஐயத்தோடு நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். மிளகு முதலில் வருவது ஆறாம் அத்தியாயத்தில், சீமாட்டியின் சமையலறையில். அங்கே சமையற்காரி சூப்பிலே கொட்டும் மிளகினால் காற்றே காரமாகி, சீமாட்டி தும்முகிறாள், குழந்தையும் தும்முகிறது. அந்தச் சீமாட்டியை எண்ணித்தான் வெள்ளை முயல் கதையின் தொடக்கத்திலிருந்தே நடுங்கிக்கொண்டு ஓடுகிறது. பின்னர் பதினோராம் அத்தியாயத்தில் நீதிமன்றம் கூடுகிறது. அங்கே கட்டியங்கூறுபவன் வெள்ளை முயல்தான். முதற் சாட்சியாக வரும் தொப்பிக்காரன் தேநீர்க் கோப்பையும் கையுமாகவே வந்து, அச்சத்தில் அதை நழுவ விடுகிறான். அடுத்த சாட்சியான சமையற்காரி மிளகுப் பெட்டியோடு வருகிறாள். வாசலருகே நின்றவர்கள் தும்மத் தொடங்குகிறார்கள்.

பாருங்கள், கதையில் சிதறிக் கிடந்த தேநீரும் மிளகும் முயலின் முன்னே ஒன்றுகூடுவது அந்த நீதிமன்றத்தில்தான். துணி எதற்கு? வெள்ளைக் கையுறையும் விசிறியும் தொலைந்துவிட்டன என்று பதறும் பாத்திரம் அது. அதன் வீட்டு அறைகூட ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். மேலோரிடம் பணிபுரியும் சிறிய உத்தியோகத்தரின் துப்புரவு அது. அந்தத் துப்புரவின்மேல் தேநீர் சிந்திவிட்டது என்றால், அவசரம், அச்சம், மானம் மூன்றும் ஒரே மணத்தில் வந்துவிடுகின்றன. தயாரித்தவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த எண்ணெய் என்னை நூலுக்குத் திருப்பியனுப்பி, நான் பலமுறை தாண்டிச் சென்ற ஓர் அத்தியாயத்தை நின்று படிக்க வைத்தது. நல்ல விமர்சனக் கட்டுரை ஒன்றிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுதானே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள் ஆவியாகக்கூடியதன்று. அதனால் மிளகிலிருந்து வடித்தெடுக்கும் எண்ணெயில் மணம் உண்டு, உறைப்பு இல்லை. சீமாட்டியின் சமையலறைத் தும்மலை இந்தப் போத்தலில் அடைக்க முடியாது. அதுபோலவே பாலிலிருந்தோ சலவைத் துணியிலிருந்தோ யாரும் மண எண்ணெய் வடிப்பதில்லை. வாசனைத் தொழிலில் 'பால்' என்றும் 'துணி' என்றும் சொல்லப்படுபவை, வேறு பொருள்களைக் கூட்டி உண்டாக்கிய தோற்றங்களே. ஆகவே இதுவும் ஒரு புனைவுதான்.

அந்தப் புனைவிலே பெயருக்குப் பெரும் பங்கு உண்டு. 2001ஆம் ஆண்டு ரேச்சல் ஹேர்ஸ், ஜூலியா வொன் கிளெவ் என்னும் ஆய்வாளர்கள் ஒரே மணத்துக்கு இரு பெயர்களைச் சூட்டி முகர வைத்தார்கள். பாலாடைக்கட்டி என்று சொன்னபோது பிடித்த மணம், வாந்தி என்று சொன்னபோது அருவருத்தது. பெயர் தெரியாத வேளையில் என் மனைவிக்கு அது இஞ்சித் தேநீர். பெயர் தெரிந்ததும் ஒரு வழக்கு.

அதே வரிசையில் 'அலிஸ்' என்ற எண்ணெயும் உண்டு. பால், தேன், றோஜா, கார்னேஷன் பூ, பேர்கமொட் ஆகியவற்றின் மணம் அது என்கிறார்கள். முதல் நான்கும் சிறுமி என்றவுடன் யாருக்கும் தோன்றக்கூடியவை. சிறிது திகட்டவும் செய்யும். ஆனால் பேர்கமொட், தோடை எலுமிச்சை இனத்துப் பழம். ஏர்ள் கிரே தேயிலைக்கு மணமூட்டுவது அதன் எண்ணெய்தான். விருந்துக்கு அழைக்கப்படாமலே போய் அமர்ந்த அலிஸின் மணத்திலும் அந்த மேசையின் சாயல் இருக்கிறது. ஆனால் முதலில் மறைவதும் அதுதான். கால்மணி நேரத்தில் அந்தத் துடுக்குப் போய்விட, இனிப்பு மட்டும் எஞ்சுகிறது. கரோல் எழுதிய அலிஸ் கடைசிவரை குறுக்குக் கேள்வி கேட்பவள். நீதிமன்றத்தையே எதிர்த்து எழுபவள். எனவே எண்ணெயின் முடிவு நூலின் முடிவோடு பொருந்தவில்லை. இந்த வாசிப்பை நான் ஏற்கமாட்டேன்.

இங்கே நேயர்களுக்கு ஓர் அச்சம் எழலாம். பாத்திரத்துக்கு மணம் குறித்துவிட்டால் வாசகரின் கற்பனைக்கு என்ன மிஞ்சும்? நியாயமான அச்சம்தான். ஜோன் டெனியல் வரைந்த 42 படங்களோடு அந்நூல் வெளிவந்தது. கரோல் அலிஸின் தோற்றத்தை அதிகம் வருணிக்கவில்லை. ஆயினும் இன்று உலகமெங்கும் அலிஸ் என்றால் டெனியலின் சிறுமியே கண்முன் நிற்கிறாள். படம் கற்பனையைக் கட்டிப்போட வல்லது. மணம் அவ்வாறு கட்டுவதில்லை என்பதே என் கருத்து. அது நிலைத்து நிற்பதில்லை. ஒருவர் தோலில் போல மற்றவர் தோலில் இருப்பதில்லை. மனித மூக்கிலுள்ள ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகளும் எல்லோரிடத்தும் ஒரே விதமாக அமைவதில்லை. வயலற் பூவின் மணப்பொருள் ஒன்றைச் சிலர் பூவாகவும் வேறு சிலர் புளிப்பாகவும் உணர்வது ஒரு மரபணு வேறுபாட்டினால் என்று 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒரே துளி எண்ணெய்க்கு அணிபவர் எத்தனை பேரோ, அத்தனை வாசிப்புகள்.

கரோலின் நூல் வெளிவந்த 1865இல் இலங்கை கோப்பி விளையும் நாடாகவே இருந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆகவே தொப்பிக்காரனின் கோப்பையில் எங்கள் மலையகத் தேயிலை இருந்திருக்க வழியில்லை. ஆனால் என் மணிக்கட்டில் எழுந்தது அந்தத் தேயிலைதான். மழைநாளில் இஞ்சி தட்டிப்போட்டு அம்மா தரும் கோப்பை. விக்ரோறியா காலத்து ஆங்கில முயலொன்று அந்தக் கோப்பையைத் தன் சட்டையில் கொட்டிக்கொண்டு எனக்குக் காட்சி தந்தது. அதைத் தவறான வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

எண்ணெய் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். பதினோராம் அத்தியாயத்தை ஒருமுறை படியுங்கள். அந்த நீதிமன்றம் உங்கள் மூக்குக்கு எவ்வாறு மணக்கிறது என்று பாருங்கள்.