புள்ளிக்கு ஆசைப்பட்டு வட்டி கட்டாதீர்கள்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

"கடைக்கு எந்த கிரெடிட் கார்டு எடுத்தால் பிளைட் டிக்கெட் கிடைக்கும் சார்?" என்று லிஃப்டிலேயே கேட்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

100 ரூபாய்க்கு 1 ரூபாய் மதிப்புள்ள புள்ளி என்று வையுங்கள். லட்ச ரூபாய் சரக்குக்கு ஆயிரம். சரக்கு தருபவர் கார்டுக்கென்று 2 சதவீதம் கூட்டினால் அங்கேயே நஷ்டம். பில்லை முழுதும் கட்டாமல் லட்சத்தையும் ஒரு மாதம் தள்ளினால், மாதம் 3.5 சதவீத வட்டி, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி: 4,130 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. மினிமம் டியூ கட்டினால் போதும் என்று நினைப்பவர்களைக் கவுன்டரில் நிறையப் பார்த்தவன் நான்.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. யூரோவில் தேய்த்தால் பல கார்டுகளில் 3.5 சதவீத மார்க்-அப், அதற்கும் ஜிஎஸ்டி. லட்சத்துக்கு அதே 4,130! முதலில் மார்க்-அப் பாருங்கள், லவுஞ்ச் காபி அப்புறம்.

என் மருமகன் கடைக்கு நானே ஒரு விமானக் கார்டு சிபாரிசு செய்தேன். மூன்று வருடம் ஆண்டுக் கட்டணம் கட்டினார். சென்னை போய் விமானம் ஏற நேரமில்லாமல் புள்ளி காலாவதியானது. இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

பிடிக்கவில்லையா, மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லையென்றால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதி அது.