மெழுகுவத்தி ஒளியில் ஒரு கூட்டுப் பாட்டு

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் விழாக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



விழாக் குழுவின் சார்பில் சில சொற்கள் கூற உங்கள்முன் நிற்கிறோம். குழுவினராகிய எங்களுட் பெரும்பாலோர் இரயில்வே எழுத்தர்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு பேரேட்டைத் தூக்கியவர்கள். ஆகவே புலமை மிக்க உரையை எங்களிடம் எதிர்பார்க்க வேண்டா. கடல் கடந்த ஒரு நகரில் ஆண்டுதோறும் திறந்த வெளியில் நடைபெறும் கிறிஸ்தவ இசை விழாவைப் பற்றிக் கூறி, அதிலிருந்து நம் சங்கம் கற்கத்தக்கது ஒன்றையும் கூறி அமர்ந்துவிடுவோம்.

அந்நகர் ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அமைந்த நாடாதலின், நாம் கம்பளியைப் போர்த்திக்கொள்ளும் டிசம்பர் மாதம் அவர்களுக்கு நல்ல கோடைக்காலம். நன்றாக இருட்டுவதற்கு இரவு மணி ஒன்பது ஆகிவிடும். ஆதலின் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் குழந்தை குட்டிகளோடு புல்வெளியில் விரிப்பை விரித்து அமர்ந்து, கையில் மெழுகுவத்தி ஏந்தி, கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடுவது அவர்களுக்கு இயல்பாக அமைந்தது. அவர்கள் அதனைக் ‘கேரல்ஸ் பை கேண்டில்லைட்’ என்று வழங்குகிறார்கள்.

இவ்விழா பிறந்த வரலாறு நெஞ்சைத் தொடுவது. 1937ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. நார்மன் பாங்க்ஸ் என்னும் வானொலி அறிவிப்பாளர் தம் பணியை முடித்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு வீட்டுச் சன்னலைக் கண்டார். உள்ளே மூதாட்டி ஒருவர் கட்டிலில் எழுந்து அமர்ந்திருந்தார். மெழுகுவத்தியின் ஒளி அவர் முகத்தில் விழுந்தது. வானொலியில் ஒலித்த பிறப்புப் பாடலோடு சேர்ந்து அவரும் பாடிக்கொண்டிருந்தார். உடன் பாடுவார் ஒருவரும் இல்லை.

வேறொருவராயின் ‘ஐயோ பாவம்’ என்று இரங்கி அப்பால் நடந்திருப்பார். பாங்க்ஸ் அவ்வாறு விட்டுவிடவில்லை. இந்நகரில் இவ்வாறு தனித்திருந்து பண்டிகையைக் கழிப்போர் எத்தனை பேரோ, அவர்களெல்லாம் ஒன்றுகூடிப் பாட ஓர் இடம் வேண்டாவா என்று எண்ணினார். மறு ஆண்டே, 1938இல், யாரா ஆற்றங்கரையிலுள்ள அலெக்சாந்திரா பூங்காவில் முதல் விழா நடைபெற்றது. முப்பது பேர் கொண்ட பாடகர் குழு, தனிப் பாடகர் இருவர், தீயணைப்புப் படையினரின் பாண்டு வாத்தியம், இவ்வளவே ஏற்பாடு. ஆயினும் ஏறத்தாழ 10,000 மக்கள் திரண்டனர். அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டது; போர்க்காலத்திலும் கூட்டம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு உறக்கமின்றி இருந்த தாய்க்கு, பக்கத்தில் ஒருவர் சேர்ந்து பாடும் குரல் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று அவ்விழா நடைபெறும் இடம் சிட்னி மையர் இசையரங்கம். மேடையையும் முன்வரிசைகளையும் கூடாரம் போன்ற கூரை மூடியிருக்கும். அதற்கப்பால் சரிந்தேறும் புல்வெளியும் வானமுமே. 1959இல் திறக்கப்பட்ட அவ்வரங்கின் பெயருக்குரியவர் நம் கவனத்துக்கு உரியவர். இன்று பெலாரஸ் எனப்படும் நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த சிட்னி மையர், 1899இல் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். ஆங்கிலம் சரளமாகப் பேச வராத நிலையில் சரக்கைச் சுமந்து வீடு வீடாக விற்றார். பின்னர்ப் பெரிய வணிகரானார். 1929இல் மக்கள் கட்டணமின்றிக் கேட்கத் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளுக்கு வழி செய்தார். 1934இல் அவர் மறைந்தார்; அவர் பெயரால் அமைந்த அறநிதி அவ்வரங்கைக் கட்டி நகருக்கு அளித்தது. பிழைக்க வந்தவன் பொருளை மட்டும் சேர்ப்பதில்லை, வந்த ஊருக்குப் பாட்டுப் பாட ஓர் இடமும் தருவான் என்பதற்கு அவர் சான்று. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

விழாவில் திரளும் பணம் பார்வையற்றோர் நலனுக்குச் செல்கிறது. விளக்கின் ஒளியைக் காண இயலாத குழந்தைகளுக்கும் அவ்வொளியின் பயன் போய்ச் சேர்கிறது. காலப்போக்கில் தொலைக்காட்சி வந்தது, புகழ்பெற்ற பாடகர்கள் வந்தார்கள், மெழுகுவத்தியோடு மின்கல விளக்கும் வந்தது. எனினும் பழகிய பாட்டு ஒன்று தொடங்கியதும் மேடையோடு புல்வெளியும் சேர்ந்து பாடுகிறது. அவ்விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இத்தகைய பாட்டு நமக்குப் புதிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நம் இசை மரபிலேயே பாடல்கள் இயற்றித் தந்தார். மார்கழி பிறந்தால் நம் காலனியில் விடியற்காலையில் பஜனைக் கோஷ்டி வரும். பண்டிகை நெருங்கினால் இரவில் கேரல் பாடும் பிள்ளைகள் வருவார்கள். இரு கோஷ்டிக்கும் காப்பி போடுவது ஒரே குவார்ட்டர்ஸ் அடுப்புத்தான்!

இனி எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். முன்பெல்லாம் நம் ஆண்டு விழா, வந்தவர் அனைவரும் எழுந்து நின்று பாடுவதோடு முடிவது வழக்கம். சென்ற ஆண்டு நேரம் போதவில்லை என்று அதனை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கியவர்கள் நாங்களே. சிறப்புச் சொற்பொழிவு இருந்தது, பரிசளிப்பு இருந்தது, சினிமாப் பாட்டுக்கு நடனங்கள் பல இருந்தன. நாம் பாட மட்டும் இடமில்லை.

அன்று பாதியிலேயே ஓர் அம்மையார் எழுந்து சென்றார். ஓய்வுபெற்று மறைந்த டிரைவர் ஒருவரின் மனைவி, பிள்ளைகள் வெளியூரில், குவார்ட்டர்ஸை விட்டபின் பக்கத்துத் தெருவில் தனியே வாடகைக்கு இருக்கிறார். நம் குழந்தைகளிற் பலருக்குக் கோலாட்டப் பாட்டுக் கற்றுக்கொடுத்தவர் அவரே. மறுநாள் காலை பால் வாங்குமிடத்தில் கண்டு, “உடம்புக்கு என்னம்மா?” என்று கேட்டோம். “உடம்புக்கு ஒன்றுமில்லை, தம்பி. பாடலாமென்று வந்தேன், உட்கார்ந்து பாருங்கள் என்றீர்கள். பார்ப்பதற்கு வீட்டிலேயே டி.வி. இருக்கிறதே” என்றார்.

எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. பாங்க்ஸ் ஒரு நாள் சன்னல் வழியே கண்ட மூதாட்டியை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர் நம் பந்தலுக்கே வந்தும், அவரைத் தனியாகவே திருப்பி அனுப்பிவிட்டோம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் தங்குவதற்குப் பாட்டைவிட எளிய வழி உண்டா? அவ்வழியையும் நாமே அடைத்தோம்.

ஆதலின் குழு மூன்று தீர்மானங்களை உங்கள்முன் வைக்கிறது. வரும் ஆண்டு விழாவில் கடைசி அரைமணி நேரம், இன்ஸ்டிட்யூட் மைதானத்தில், மேடை விளக்குகளை அணைத்துவிட்டு, குடும்பத்துக்கு ஓர் அகல் விளக்கோடு அனைவரும் சேர்ந்து பாடுவோம். எல்லாச் சமயத்தாரும் அறிந்த சில தமிழ்ப் பாட்டுகளை முன்கூட்டியே குழந்தைகளுக்குப் பழக்குவோம். அன்று உண்டியலில் சேரும் தொகையைப் பார்வையற்ற மாணவர்களின் படிப்புக்கு அளிப்போம்.

முதல் பாட்டைத் தொடங்கித் தருமாறு அவ்வம்மையாரைக் கேட்டிருக்கிறோம். “குரல் போய்விட்டதே, தம்பி” என்றார். நாங்கள் அத்தனை பேரும் உடன் பாடுவோம் என்று வாக்களித்து வந்திருக்கிறோம். அவ்வாக்கைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!